சீட்டில் வராத வசனங்கள்

வேதத்தில் உள்ள வாக்குத்தத்தங்கள் அத்தனையும் எனக்கே, இந்த வருஷத்துக்கே, என் வீட்டுக்கே. தமிழ்ச் சபைகளில் இன்று இதை மறுத்துப் பேசினால் அவிசுவாசி என்று பெயர் வாங்க வேண்டியிருக்கும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வைத்து நீட்டப்படும் வாக்குத்தத்த அட்டையை எடுக்காமல் வீட்டுக்குப் போகிறவர்கள் அபூர்வம். ஆளுக்கொன்று எடுக்கிறார்கள். கைக்குழந்தைக்கு ஒன்று, துபாயில் இருக்கும் மகனுக்காக அம்மா ஒன்று. வந்த வசனம் மனசுக்கு ஒட்டவில்லை என்று ஓசைப்படாமல் இன்னொன்றை உருவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இது போக சபைக்கென்று ஒரு வசனத்தை ஆயர் அறிவிப்பார். அது ஆண்டு முழுவதும் பீடத்துக்குப் பின்னால் ஃபிளெக்ஸில் தொங்கும்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று, வசனம்தானே என்று கேட்பார்கள். வசனம்தான். ஆனால் அதை எடுக்கிற கையின் எதிர்பார்ப்பு கிளி ஜோசியக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் எதிர்பார்ப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும். உண்மையில் கிளி ஜோசியர் நம்மைவிட நேர்மையானவர். அவர் கட்டில் கண்டம் சொல்கிற சீட்டும் ஒன்றிரண்டு இருக்கும். நம் தட்டில் கெட்ட சீட்டே கிடையாது. அச்சுக்குக் கொடுக்கும் முன்பே எல்லாம் பொறுக்கி எடுக்கப்பட்டுவிட்டன.

இந்தப் பழக்கம் அப்போஸ்தலர் காலத்து மரபு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் பியட்டிசம் என்ற பக்தி இயக்கத்தைச் சேர்ந்த போகாட்ஸ்கி, தேவனுடைய பிள்ளைகளுக்கான பொற்பேழை என்ற பொருள் தரும் தலைப்பில் நாளுக்கொரு வசனமாக ஒரு தியானப் புத்தகத்தை 1718-இல் வெளியிட்டார். ஹெர்ன்ஹூட்டில் கோமகன் சின்சென்டார்ஃப் 1728-இல் தம் சகோதரர் சபைக்கு ஒரு நாளுக்குரிய வசனத்தைக் கொடுக்க ஆரம்பித்தார். 1731 முதல் அது ஆண்டுப் புத்தகமாகவே வந்துகொண்டிருக்கிறது, வசனங்களைச் சீட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கிறார்கள். தரங்கம்பாடிக்கு மிஷனரி சீகன்பால்கு வந்ததும் இதே பியட்டிச மண்ணிலிருந்துதான். ஆகவே இந்த வழக்கத்துக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. ஆனால் ஹெர்ன்ஹூட்டுக்காரர்கள் அன்றைய வசனத்தைப் படைத் தலைவன் காலையில் கொடுக்கும் அடையாளச் சொல்லைப்போல எடுத்துக்கொண்டார்கள். அதை வாங்கிக்கொண்டு அடிமைத் தோட்டங்களுக்கும் கிரீன்லாந்துப் பனிக்கும் ஊழியத்துக்குப் போனார்கள். நாமோ அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுகிறோம்.

அட்டைகளில் அதிகம் அடிபடும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். தேவன் நம்மைக் குறித்து வைத்திருக்கும் எண்ணங்கள் தீமைக்கானவை அல்ல, நாம் எதிர்பார்க்கும் முடிவைத் தருவதற்கானவை என்று போகிற வசனம். நீட் தேர்வுக்குப் போகும் பிள்ளையின் சட்டைப்பையில் இது இருக்கும். விசா நேர்காணலுக்குப் போகிறவரின் கைப்பேசித் திரையில் இருக்கும். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி என்பதும், கடிதம் யாருக்குப் போனது என்பதும் இருவருக்குமே தெரிந்திருக்காது.

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அரசனையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். எருசலேமில் மீந்திருந்த எரேமியா அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். ஆலயத்தில் ஜனங்கள் முன்னிலையில், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள், ஆலயப் பாத்திரங்களும் திரும்பி வரும் என்று முழங்குகிறான். பாபிலோனுக்குப் பணியச் சொல்லும் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறான். இன்றைய உபவாச ஜெபக் கூட்டமாக இருந்திருந்தால் பந்தலே எழுந்து கை தட்டியிருக்கும். எரேமியா அவனுக்கு முதலில் சொன்ன பதில் ஆமென். நீ சொன்னபடியே ஆகட்டும் என்று மனசார விரும்பிவிட்டுத்தான், அது நடக்கப்போவதில்லை என்கிறார். ஐந்தாம் மாதத்தில் இரண்டு வருஷ வாக்குத்தத்தம் கொடுத்த அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

இந்தப் பின்னணியில் அந்தக் கடிதத்தைப் பிரித்தால் வேறு மாதிரி வாசிக்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், உங்களைச் சிறைபிடித்துக்கொண்டு வந்த அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. அதோடு, திரும்பி வருவதற்கு எழுபது வருஷம் ஆகும் என்றும் சொல்கிறது. எல்லாரும் நேசிக்கும் பதினோராம் வசனத்துக்கு முந்தின வசனமே இந்த எழுபது வருஷம்தான். கடிதத்தைக் கையில் வாங்கியபோது முப்பது வயதில் இருந்தவர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நல்ல முடிவு அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு வந்தது. அவருக்கு வாய்த்தது வேற்று ஊரில் கத்தரிக்காய் நட்டுப் பிழைக்கிற வேலை. அந்த வேலையைச் செய்வதே விசுவாசம் என்று எரேமியா எழுதினார்.

கடிதம் பெற்றவர்கள் இதை வாசித்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அதே அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது அவர்களில் ஒருவனுடைய எதிர்வினை. செமாயா என்பவன் பாபிலோனிலிருந்து எருசலேம் ஆசாரியனுக்குப் புகார்க் கடிதம் எழுதுகிறான். இந்தப் பைத்தியக்காரனை ஏன் இன்னும் தொழுவில் மாட்டாமல் விட்டு வைத்திருக்கிறாய், சிறையிருப்பு நீளும் என்றல்லவா எழுதியிருக்கிறான் என்று கேட்கிறான். அதிகாரம் 32 வசனங்கள் கொண்டது. அதில் ஒன்றை வெட்டியெடுத்துப் பளபளக்கும் அட்டையில் போடுகிறோம். மீதி முப்பத்தொன்றையும் சேர்த்து வாசித்தால், அட்டையை எடுக்கிறவர் எரேமியாவின் வாசகர் அல்ல, அனனியாவின் வாசகர் என்பது விளங்கிவிடும்.

மற்ற அட்டைகளைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதில்லை. உபாகமம் 28-இலிருந்து நம்மவர்கள் எடுத்த, கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்ற வசனம் இல்லாத சபை ஃபிளெக்ஸ் தமிழ்நாட்டில் குறைவு. எல்லாரும் தலையாகிவிட்டால் வால் யார் என்று ஒரு வாலிபர் கூட்டத்தில் கேட்டுப்பாருங்கள், சிரிப்பார்கள். ஏற்கெனவே ஒருவரைத் தலையென்றும் ஒருவரைக் காலென்றும் பிரித்து வைத்திருக்கிற சமூகத்தில், ஒரே மதில் சுவருக்குள் இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்டிருந்த ஊர்ச் சபைகள் இந்த வசனத்தைக் கூச்சமில்லாமல் பாடமாக்கியதை என்னவென்பது? அந்த அதிகாரம் ஒரு தேசத்தோடு செய்த உடன்படிக்கை. ஆசீர்வாதம் 14 வசனம். அதற்குப் பிறகு வரும் சாபம் 54 வசனம். அதில் உன் நடுவிலுள்ள அந்நியன் தலையாவான், நீ வாலாவாய் என்ற திருப்பமும் உண்டு. அந்த 54-இலிருந்து ஒன்றுகூட இதுவரை எந்தத் தட்டிலும் விழுந்ததில்லை.

பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் பவுல் எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டு என்று சொன்னது காவலில் இருந்தபோது. பட்டினி கிடக்கவும் தெரியும், வயிறாரச் சாப்பிடவும் தெரியும் என்று சொன்ன கையோடு எழுதியது. அதை ஜிம்மில் மாட்டியிருக்கிறார்கள். புலம்பலின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து காலைதோறும் புதிதாகிற கிருபையை எடுத்துச் சூரியோதயப் படத்தின் மேல் அச்சடிக்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் பஞ்சத்தில் தாய்மார் தங்கள் பிள்ளைகளையே சமைத்த நகரம் வருகிறது. அந்தக் கிருபையைப் பற்றி எழுதியவர் அந்த நகரத்தின் சாம்பலில் உட்கார்ந்துதான் எழுதினார்.

91-ஆம் சங்கீதத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எகிப்தின் மணலில் கிடைத்த பழைய பாப்பிரஸ் தாயத்துகளில் இந்தச் சங்கீதத்தை எழுதிச் சுருட்டிக் கட்டியிருக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது நம் வாட்ஸ்அப்பும் இதையே செய்தது. வாதை கூடாரத்தை அணுகாது என்ற வரியை வாசல் கதவில் ஒட்டிய வீடுகள் ஏராளம். இந்தச் சங்கீதத்தைச் சூழலிலிருந்து கழற்றி, இது உனக்குக் கொடுக்கப்பட்ட தனிப்பட்ட வாக்குத்தத்தம், நம்பிக் குதி என்று சொன்ன ஒருவனை மத்தேயுவும் லூக்காவும் பதிவு செய்திருக்கிறார்கள். தேவாலயத்தின் உப்பரிகையில் நின்று அதைச் சொன்னவன் பிசாசு. கேட்டவர் இயேசு. அவர் அந்தச் சங்கீதம் பொய் என்று சொல்லவில்லை. கர்த்தரைச் சோதிக்காதே என்று வேதத்தின் இன்னோர் இடத்தை எடுத்துக் காட்டினார். குதிக்கவில்லை. வசனத்தை வசனத்தோடு வைத்து வாசிப்பது எப்படி என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனாலும் நாம் உப்பரிகைக்காரனின் முறையைத்தான் பிடித்துக்கொண்டோம்.

இதெல்லாம் வெறும் வாசிப்புக் குற்றமாக இருந்தால் இவ்வளவு கோபப்பட மாட்டேன். கதவில் வசனம் ஒட்டியிருந்த வீட்டிலும் சாவு நுழைந்தது. அடக்கத்துக்குப் பத்துப்பேர்கூட வர முடியாத அந்த நாட்களில், அந்தக் குடும்பத்தின் காதுபடச் சிலர் பேசியது இதுதான்: விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது. வாக்குத்தத்த இறையியல் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. அட்டை பலித்தால் தேவனுக்கு மகிமை, பலிக்காவிட்டால் அட்டை எடுத்தவர் மேல் பழி. பிள்ளையில்லாதவர், வேலை போனவர், கீமோ எடுத்துக்கொண்டு முடி கொட்டிய தலையோடு கோவிலின் கடைசி வரிசையில் உட்காருகிறவர் எல்லாருக்கும் இந்த இறையியலில் குற்றவாளிக் கூண்டு மட்டும்தான் மிச்சம். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் அழுகையுமாக இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரிவரை இருட்டிலேயே நிற்கிறது, ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. இவர்களுக்காக வேதம் எடுத்துவைத்த பக்கங்கள் அவை. அவற்றை நாம் அட்டைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிவிட்டோம்.

எதிர்த்தரப்பில் நல்ல வாதங்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் முதலில் நிறுத்துகிற சாட்சி அகுஸ்தீன். மிலானில் 386-இல் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தவர் ஒரு குழந்தையின் குரல் கேட்டு நிருபத்தைத் திறந்தார், கண்ணில் பட்ட ரோமர் 13-இன் வரிகள் அவரைத் திருப்பின. அப்படியானால் கண்ணில் பட்ட வசனத்தை எனக்கென்று எடுப்பது எப்படித் தவறாகும்? பலமான கேள்வி. இதே அகுஸ்தீன் பிற்பாடு யனுவாரியு என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைப் புரட்டிக் குறி பார்ப்பது பேய்களிடம் குறி கேட்கப் போவதைவிடத் தேவலாம் என்றாலும், உலகக் காரியங்களுக்கு அப்படிச் செய்வது தமக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். 506-இல் கூடிய ஆக்டே சங்கம் இந்தக் குறிபார்ப்பைத் தடையே செய்தது. ஆனாலும் இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை, ஏனென்றால் அவர்களிடம் இன்னும் பலமான சாட்சி ஒன்று இருக்கிறது.

1939 ஜூனில் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் நியூயார்க்கில் இருந்தார். நாஜி ஜெர்மனியிலிருந்து அவரைக் காப்பாற்ற நண்பர்கள் அழைத்திருந்தார்கள். 26-ஆம் தேதி, பவுல் தீமோத்தேயுவைக் குளிர்காலத்துக்கு முன் வந்துவிடச் சொல்லும் வரி அவர் வாசிப்பில் வந்தது. அதைத் தமக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டால் வேதத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகாது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பக் கப்பல் ஏறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாஸன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். சூழலிலிருந்து பிரித்து எடுத்த வசனம்தான். இதை என்ன செய்வது?

இந்த வரிசையில் இருக்கும் எல்லாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப்பாருங்கள். எகிப்தின் அந்தோனியார் கோவிலுக்குள் நுழைந்தபோது வாசிக்கப்பட்டது, உனக்கு உண்டானவற்றை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற மத்தேயு 19. அவர் நிலத்தைக் கொடுத்துவிட்டார். அசிசியின் பிரான்சிஸ் நண்பர் பெர்னார்டோடு சுவிசேஷத்தை மூன்று முறை திறந்தார் என்பது மரபு. விற்று விடு, வழிக்கு ஒன்றும் எடுக்காதே, சிலுவையை எடு என்பவை வந்தன. அகுஸ்தீனுக்கு வந்தது குடியையும் காமத்தையும் களைந்துபோடு. போன்ஹோஃபருக்கு வந்தது ஆபத்துக்குத் திரும்பி வா. யாருக்கும் கார் வரும், மகளுக்கு மாப்பிள்ளை வரும், தலையாவாய் என்று வரவில்லை. எல்லாருக்கும் கட்டளைதான் வந்தது, எல்லாரும் எதையோ இழந்தார்கள். தற்செயலாகத் திறந்த பக்கத்தில் தேவன் பேச முடியாது என்று நான் சொல்லவில்லை. நம் தட்டில் அவர் பேசுவதற்கு இடமே விடவில்லை என்கிறேன். இழக்கச் சொல்லும் வசனங்களை அச்சகத்துக்கு அனுப்பும் முன்பே வடிகட்டி எடுத்துவிட்டு, மீந்ததைச் சீட்டுப் போட்டு, கர்த்தர் தந்தார் என்கிறோம்.

வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்று பவுலே சொல்லவில்லையா என்பது இன்னொரு வாதம். 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். எங்கே சொல்கிறார் என்றால், வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன தம் பயணத்திட்டத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போது. அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் ஐந்து தடவை வாங்கிய சாட்டையடியையும் மூன்று தடவை உடைந்த கப்பலையும் கணக்குக் கொடுக்கிறார். ஆம் என்பதற்குப் பவுல் வைத்திருந்த பொருளில் இவையெல்லாம் அடங்கும்.

கடைசியாக, நாங்கள் பாமர ஜனங்களின் விசுவாசத்தைக் காக்கிறோம், நீங்கள் படித்த திமிரில் ஒரு கிழவியின் ஆறுதலைப் பிடுங்குகிறீர்கள் என்பார்கள். இந்தக் குற்றச்சாட்டைத்தான் எதையும்விட அதிகமாக மறுக்கிறேன். சீகன்பால்கு 1719-இல் முப்பத்தாறு வயதில் சாகும்போது புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்திருந்தார், பழைய ஏற்பாட்டில் ரூத்வரை மொழிபெயர்த்து வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த சூல்ட்ஸே மீதியை முடித்தார். இவர்கள் இவ்வளவு பாடுபட்டது பத்து இனிப்பு வசனங்களுக்காக அல்ல. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் உபதேசியார் தினமும் சாயந்தரம் மணி அடித்து, அதிகாரம் அதிகாரமாக வாசித்துக் கேட்கவைத்தார். வேதாகம ஸ்திரீகள் வீடு வீடாகப் போய் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமார் முழுச் சங்கீதங்களையும் மனப்பாடமாகச் சொன்னார்கள், அழுகிற சங்கீதங்களையும் சேர்த்து. முழுப் புத்தகத்தையும் தாங்கத் தெரிந்த அந்த ஜனங்களுக்கு விரலளவு அட்டை போதும் என்று முடிவுகட்டியவர்கள்தான் அவர்களைப் பாமரர் என்று எண்ணுகிறார்கள்.

அன்றாட வாழ்க்கையில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று வேதத்தைக் கேட்டால் அது காட்டுகிற இடங்கள் ஆச்சரியப்படும்படி சாதாரணமானவை. எரேமியாவிடமே திரும்பப் போகலாம். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது, அவர் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். தகப்பனுடைய சகோதரன் மகன் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி நின்றுகொண்டிருக்கும் நிலம், பத்திரப் பதிவு அலுவலகத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் எந்தத் தரகரும் தொடமாட்டார். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் போட்டுவைக்கச் சொல்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான், இதை ஏன் என்னைச் செய்யச் சொன்னீர் என்று ஜெபத்தில் கேட்கிறார். அவர் அந்த நிலத்தில் ஒரு மூட்டை அறுத்ததாகப் பதிவில்லை. பின்னால் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 32-ஆம் அதிகாரத்தில் ஒரு கிரயப் பத்திரத்தின் நடைமுறைகள் இவ்வளவு விவரமாக இருப்பதற்குக் காரணம், அந்த நடைமுறைகளே விசுவாச அறிக்கையாக இருந்ததுதான்.

ரூத்தின் புத்தகத்தில் தேவன் வாய்திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. வாக்குத்தத்தம் இல்லை, தரிசனம் இல்லை. அயல்தேசத்து விதவை ஒருத்தி கதிர் பொறுக்கப் போகிறாள், தற்செயலாகப் போவாசின் வயலில் வந்து சேருகிறாள். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்பது லேவியராகமத்தின் சட்டம். போவாஸ் சட்டம் கேட்டதற்கு மேலே போய், அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே சிலதை உருவிப் போடச் சொல்லித் தன் ஆட்களிடம் சொல்கிறான். அந்தப் புத்தகத்தில் ரூத்தின் மாமியார் நகோமியின் வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு ஒரு நிலக்காரன் வேலைக்காரர்களிடம் சொன்ன இந்த உத்தரவுதான் காரணம். தேவனுடைய பராமரிப்பு என்று நாம் சொல்வது அங்கே வேறெந்த வழியிலும் வரவில்லை.

அதே லேவியராகமம் 19-இல், கதிர்ச் சட்டத்துக்கு மூன்று வசனம் தள்ளி, கூலியாளின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிற கட்டளை வருகிறது. உபாகமம் 24 இன்னும் கறாராக, பொழுது போகும் முன்னே கொடு, அவன் ஏழை, அதையே எதிர்பார்த்திருக்கிறான் என்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பத்தாம் தேதி தாண்டியும் சம்பளம் இழுத்தடிக்கிற வீட்டுக் கூடத்திலும், விற்பனைப் பெண்களை உட்கார விடாமல் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கிற கடையின் கல்லாவுக்கு மேலும் தினசரி வசனக் காலண்டர் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். சிவகாசியில் ஆண்டுதோறும் அச்சாகிற அந்தக் காலண்டர்களுக்கு ஆர்டர் கொடுக்கிறவர்களில் பலர் முதலாளிகள்தான். லேவியராகமம் 19:13-ஐ முதல் பக்கத்தில் போடச் சொன்ன முதலாளி யாரையும் இன்னும் பார்க்கவில்லை.